ஆய்வேட்டில் சான்று காட்டுவதும் எழுத்து நடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஒரு டிடிபி கடை. அதில் ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழ்த்துறைப் பிள்ளைகள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். உங்கள் பல்கலைக்கழகம் ஆய்வேட்டு நெறிமுறை என்று ஒரு கையேடு கொடுத்திருந்தால் அதுவே முதல் சட்டம். அதில் இல்லாததற்கு மட்டும் இதைப் பாருங்கள்.

1. அக்கா, சான்று எதுக்குக் காட்டணும்? படிச்சதை எழுதினா போதாதா?

நீங்கள் சொல்வதைப் படிக்கிறவர், "அப்படியா, எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், நேராகப் போய்ப் பார்க்க ஒரு வழி வேண்டும். சான்று என்பது அந்த வழி. இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நன்னூல் தொடக்கத்திலேயே (நூற்பா 9) பவணந்தி முனிவர் பழைய சூத்திரங்களை ஏன் அப்படியே எடுத்து வைக்கிறேன் என்று காரணம் சொல்கிறார்: "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்." கருத்தை மட்டுமல்ல, அவர்கள் சொன்ன சொல்லையும் போற்றுகிறோம் என்கிறார். தொல்காப்பியர் வரிக்கு வரி "என்ப", "என்மனார் புலவர்" என்று முன்னோரை முன்னிறுத்துகிறார். எந்தப் புலவர், எந்த நூல் என்று அவர் சொல்லவில்லை. அவரை யாரும் வாய்மொழித் தேர்வில் உட்கார வைக்கவும் இல்லை. உங்களை வைப்பார்கள்.

2. எதுக்கெல்லாம் காட்டணும்? எல்லா வரிக்கும் நம்பர் போட்டா அசிங்கமா இருக்காதா?

எல்லா வரிக்கும் வேண்டாம். உங்கள் துறையில் யாரும் மறுக்காத, யாருக்கும் தெரிந்த செய்திக்குச் சான்று தேவையில்லை. திருக்குறளில் 1330 குறள்கள் என்பதற்கு அடிக்குறிப்பு போட்டால் தேர்வாளர் சிரிப்பார். ஆனால் திருக்குறள் இந்த நூற்றாண்டில் தோன்றியது என்று எழுதினால் கட்டாயம் வேண்டும். அது தகவல் அல்ல, ஒருவருடைய முடிவு. ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பிறர் சொற்கள், பிறர் கருத்து, பிறர் தொகுத்த எண்ணிக்கை, பிறர் வரைந்த அட்டவணை, விவாதத்தில் இருக்கிற தேதி: இவை வந்தால் போடுங்கள். சந்தேகமாக இருந்தாலும் போடுங்கள். கூடுதலாக ஒரு சான்று இருந்தால் யாரும் பட்டத்தை நிறுத்துவதில்லை.

3. மேற்கோள் குறி போட்டாதானே சான்று வேணும்? சொந்த வார்த்தையில எழுதிட்டா வேண்டாம்ல?

வேண்டும். குறி, சொல்லுக்கு. சான்று, கருத்துக்கு. கருத்து அவருடையதாக இருக்கும் வரை சான்று உண்டு.

"சொந்த வார்த்தை" என்று சொல்லிக்கொண்டு வருவதில் பல நேரம் சொந்தம் எதுவுமே இருப்பதில்லை. "சங்ககால மகளிர் கல்வியில் சிறந்து விளங்கினர்" என்று ஒரு நூலில் இருக்கிறது. மாணவர் அதை "சங்க காலத்துப் பெண்கள் படிப்பில் மேம்பட்டு இருந்தனர்" என்று மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார். சொல்லுக்குச் சொல் சட்டை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். உண்மையிலேயே சொந்தமாக எழுத வேண்டுமானால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அவர் சொன்னது என்ன, அதற்கு அவர் காட்டும் ஆதாரம் என்ன, எத்தனை புலவர்களை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று உங்கள் ஆய்வுக்கு வேண்டிய கோணத்தில் சொல்லுங்கள். அப்போதும் கடைசியில் அவர் பெயர் வரும்.

4. எம்.எல்.ஏ.வா, ஏ.பி.ஏ.வா? தமிழ்த்துறைக்கு எது?

இரண்டும் சான்று காட்டும் முறைகள். மொழி, இலக்கியத் துறைகளில் எம்.எல்.ஏ. (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வகுத்தது) முறை பழக்கம்; அதன் கையேடு 2021இல் ஒன்பதாம் பதிப்பு கண்டது. உளவியல், கல்வியியல், சமூகவியல் பக்கம் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்தது); அதன் ஏழாம் பதிப்பு 2019இல் வந்தது. முதலாவது பக்க எண்ணை முக்கியமாகக் கருதும், இரண்டாவது ஆண்டை. அறிவியலில் ஆண்டு பழசானால் கருத்தும் பழசாகலாம் என்பதால் அங்கே ஆண்டு முன்னால் வருகிறது. அதையே கண்ணை மூடிக்கொண்டு இலக்கியத்தில் வைத்தால் "திருவள்ளுவர் (2003) கூறுவதுபோல" என்று வந்து நிற்கும். நான் அச்சில் பார்த்திருக்கிறேன்.

இவை இரண்டும் இல்லாமல் நம் துறைகளுக்கென்று ஒரு பழைய முறையும் இருக்கிறது: பத்தியில் எண் மட்டும், இயல் முடிவில் "சான்றெண் விளக்கம்", நூல் முடிவில் துணைநூற்பட்டியல். பல நெறியாளர்கள் இன்றும் இதைத்தான் கேட்கிறார்கள். நல்ல முறைதான். எதை எடுத்தாலும் முதல் இயலில் ஒன்று, மூன்றாம் இயலில் வேறொன்று என்று கலக்காதீர்கள். தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

5. சங்கப் பாட்டுக்குப் பக்க எண் போடணுமா, பாட்டு எண்ணா?

பாட்டு எண். அடியைக் குறிப்பிட வேண்டுமானால் அடி எண்ணும். "செம்புலப் பெயனீர் போல / அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே" என்பதற்கு "குறுந். 40:4-5" போதும்.

காரணம், முதல் கேள்வியில் சொன்னதேதான். குறுந்தொகை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பாக வந்தது, 1937இல் உ.வே.சா. பதிப்பு, 1940இல் வையாபுரிப் பிள்ளை பார்வையில் சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் சங்க இலக்கியத் தொகுப்பு, 1957இல் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்பு. அதன் பிறகு வந்தவற்றுக்குக் கணக்கில்லை. நீங்கள் "ப. 88" என்று போட்டால் உங்கள் அலமாரியில் இருக்கிற புத்தகத்துக்கு மட்டுமே அது பொருந்தும். 40 என்றால் எந்தப் பதிப்பைத் திறந்தாலும் யாயும் ஞாயும்தான். பத்துப்பாட்டுக்குப் பாட்டின் பெயரும் அடி எண்ணும் போதும்.

உரையிலிருந்து ஒரு வரி எடுத்தால் மட்டும் பக்க எண் கட்டாயம். அது உரையாசிரியரின் பேச்சு, பாட்டு எண் அதைப் பிடித்துத் தராது. பாடல் வரியை எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதைப் பட்டியலில் சொல்லுங்கள். சீர் பிரித்த பதிப்பும் சந்தி பிரித்த பதிப்பும் வரி பார்வைக்கு வேறு வேறாக இருக்கும். முதல் இயலில் ஒன்று, அடுத்த இயலில் இன்னொன்று என்று எடுத்தால் ஒரே வரி இரண்டு உருவத்தில் நிற்கும்.

6. தொல்காப்பிய நூற்பா எண் ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொண்ணா இருக்கே, எது சரி?

எல்லாமே சரி. உரையாசிரியர்கள் நூற்பாவைப் பிரித்த விதம் வேறு. "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்" என்ற நூற்பா இளம்பூரணர் உரைப்படி அகத்திணையியலில் 56. நச்சினார்க்கினியர் உரைப்படி 53. அதனால் எண்ணோடு உரையாசிரியரையும் சேருங்கள்: "தொல். பொருள். அகத். 56 (இளம்.)". அந்த அடைப்புக்குறியை விட்டுவிட்டு, "எண் தப்பு" என்று வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. எண் தப்பில்லை, யாருடைய எண் என்று சொல்லாததுதான் தப்பு.

குறளிலும் இந்தச் சிக்கல் கொஞ்சம் இருக்கிறது. நாம் பழகியிருக்கிற எண் பரிமேலழகர் வைத்த வரிசை. மணக்குடவரில் அதிகாரத்துக்குள் குறள்கள் இடம் மாறி நிற்கும்.

7. 'கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே' எந்தச் சங்கப் பாட்டு? எண் மட்டும் சொல்லுங்க, சேர்த்துக்கிறேன்.

எண் சொல்ல முடியாது, ஏனென்றால் அது சங்கப் பாட்டே இல்லை. புறப்பொருள் வெண்பாமாலை, கரந்தைப் படலம், குடிநிலை என்ற துறைக்கு ஐயனாரிதனார் காட்டும் வெண்பா. சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்திய இலக்கண நூல். முழு வெண்பா இது:

"பொய்யகல நாளும் புகழ்விளைத்தல் என்வியப்பாம்
வையகம் போர்த்த வயங்கொலிநீர் கையகலக்
கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே வாளோடு
முன்தோன்றி மூத்த குடி."

உலகைப் போர்த்திருந்த நீர் விலகி, மலை தலைகாட்டி, மண் இன்னும் வெளிவராத அந்தக் காலத்திலேயே வாளோடு முன்வந்து நின்ற பழங்குடி, நாள்தோறும் புகழை விளைப்பதில் என்ன வியப்பு என்று கேட்கிறது பாட்டு. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கப் போகும் மறவரின் குடிப்பெருமை அது. மேடையில் கடைசி இரண்டு அடி மட்டும் வரும். முதல் அடியும் இல்லை, வாள் எதற்கு வந்தது என்பதும் இல்லை. ஆய்வேட்டில் அந்த இரண்டு அடியைத் தமிழினத்தின் தொன்மைக்குச் "சங்கச் சான்று" என்று வைத்தால், நூலும் தவறு, காலமும் தவறு, இடமும் தவறு.

இப்படி ஊர் வாயில் உலவும் வரிகள் நிறைய. "எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்" என்பதைக் குறள் என்றும் ஔவையார் என்றும் எழுதி வருகிறார்கள். அது அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை. "ஔவையார்" என்று மட்டும் போட்டாலும் போதாது. புறநானூற்று ஔவையாரும் ஆத்திசூடி ஔவையாரும் ஒருவரல்லர். நூல் பெயர் வேண்டும்.

8. மூல நூல் எங்கயும் கிடைக்கல. வேற ஒரு ஆய்வேட்டுல அந்த மேற்கோள் இருக்கு. அதையே எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளலாம், எடுத்த இடத்தைச் சொல்லிவிட்டு. "இன்னார், இன்ன நூல், ப. 41, மேற்கோள்: இன்னாருடைய ஆய்வேடு, ப. 112" என்று இரண்டையும் காட்டுங்கள். மூலத்தை நேரில் பார்த்ததுபோல் எழுதுவதுதான் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். அடுத்தடுத்த ஆண்டுகளில் என்னிடம் வந்த மூன்று ஆய்வேடுகளில் ஒரே மேற்கோள், ஒரே பக்க எண். ஒரு பெரியவர், ஒரு வழிபாட்டைப் பற்றி "இது சமண மரபிலிருந்து வந்தது என்று கொள்வதற்குரியது" என்று எழுதியதாக மூன்றிலும் இருந்தது. வாக்கியம் என்னவோ இடறியது. ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போய் மூலத்தை எடுத்தேன். அவர் எழுதியிருந்தது "என்று கொள்வதற்கில்லை". முதலில் நகல் எடுத்தவர் கை தவறியிருக்கிறது. அடுத்த இருவரும் மூலத்தைப் பார்க்கவே இல்லை, ஆனால் அடிக்குறிப்பில் மூலத்தின் பெயர்தான் இருந்தது. "மேற்கோள்: இன்னாருடைய ஆய்வேடு" என்று உண்மையைப் போட்டிருந்தால் பிழை யாருடையது என்றாவது தெரிந்திருக்கும்.

9. நெட்ல எடுத்தா செல்லுமா? விக்கிப்பீடியா போடலாமா?

நெட்டில் இருப்பதெல்லாம் ஒரே வகை இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ, ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளத்திலோ புத்தகத்தின் பக்கங்களை அப்படியே படமெடுத்து வைத்திருந்தால் அது புத்தகம்தான். பதிப்பு, ஆண்டு, பக்கம் எல்லாம் தெரிகிறது. புத்தகத்துக்குப் போடுவதுபோலவே போட்டு, தளத்தின் பெயரையும் சேருங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்றவற்றில் தட்டச்சு செய்த பாடம் இருக்கும். தேடுவதற்கு அதைவிட வசதி வேறில்லை. தேடி எடுத்த வரியை அச்சுப் பதிப்போடு ஒத்துப்பார்த்துவிட்டு அச்சுப் பதிப்பைச் சான்றாகக் காட்டுங்கள்.

விக்கிப்பீடியாவைப் படியுங்கள், ஆனால் அங்கே நிற்காதீர்கள். கட்டுரையின் அடியில் அவர்கள் எந்த நூலைக் காட்டியிருக்கிறார்களோ அந்த நூலைத் தேடிப் போங்கள். வலைப்பூ, முகநூல் பதிவு இவற்றையே ஆராய்கிறீர்கள் என்றால் அவை உங்களுக்கு முதன்மை ஆதாரம்; பார்த்த நாளைக் கட்டாயம் போட்டு, ஒரு திரைப்பிடிப்பையும் எடுத்து வையுங்கள். நாளைக்கே அழித்துவிடுவார்கள்.

10. ஆசிரியர் பேரை எப்படி அடுக்குறது? சர்நேம் முதல்ல போடணும்னு இருக்கு. நமக்கு அது இல்லையே.

இல்லைதான். நம் முன்னெழுத்து ஊரும் அப்பாவும். குடும்பப் பெயர் இல்லை. அதனால் நம் வழக்கம்: பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு முன்னெழுத்து. "வரதராசன், மு.", "சிவத்தம்பி, கா.", "சாமிநாதையர், உ.வே. (ப.ஆ.)". ப.ஆ. என்றால் பதிப்பாசிரியர். தாமோதரம் பிள்ளையில் "பிள்ளை"யைக் குடும்பப் பெயராக்கி "பிள்ளை, தாமோதரம்" என்று போடாதீர்கள். அகரவரிசையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கூடிவிடுவார்கள், தேடுகிறவர் "த"வில் தேடிவிட்டுப் போய்விடுவார். ஆங்கிலப் பட்டியலில் இந்தத் தவறை நிறையப் பார்க்கலாம்.

புனைபெயரை நூலில் உள்ளபடியே போடுங்கள்: புதுமைப்பித்தன், கல்கி, அம்பை. இயற்பெயர் தேவைப்பட்டால் [ ] என்ற பகர அடைப்பில். எழுத்துக்கூட்டும் நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ளபடிதான். ராமசாமி என்று அச்சிட்டவரை "இராமசாமி" ஆக்கி "இ"க்குக் கொண்டுபோகும் உரிமை நமக்கில்லை. ஒரே அம்மையார் திருமணத்துக்கு முன் ஒரு முன்னெழுத்திலும் பின்னர் வேறொன்றிலும் எழுதியிருந்தால் இரண்டையும் அப்படியே கொடுத்து, "காண்க" என்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி காட்டுங்கள்.

கணினி அகரவரிசைப்படுத்தித் தருவதை ஒருமுறை கண்ணால் பாருங்கள். சில மென்பொருள்கள் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அதில் "ஜ" சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் வந்து உட்காரும், "ன" நகரத்தின் பின்னால் வரும். நம் வரிசையில் கிரந்த எழுத்துகள் கடைசி.

11. பழைய புத்தகத்துல வருஷம் 'சார்வரி'ன்னு மட்டும் இருக்கு. என்ன பண்றது?

அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். சார்வரி 1900-01, 1960-61, 2020-21. அச்சகம், தாள், முன்னுரையில் வரும் பெயர்கள் இவற்றைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். "சார்வரி [1900-01]" என்று போடுங்கள். பகர அடைப்பு, இது நான் கணித்தது என்று சொல்லும். சித்திரையில் பிறக்கும் ஆண்டு என்பதால் இரண்டு ஆங்கில ஆண்டைத் தொடும். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழியுங்கள்.

12. கல்வெட்டு, ஓலைச்சுவடி, ஊர்ல ஒரு பாட்டி சொன்ன கதை... இதுக்கெல்லாம்?

கல்வெட்டுக்குத் தொகுதியும் எண்ணும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொன்ன இராசராசனின் புகழ்பெற்ற ஆணை, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் முதல் கல்வெட்டு: "தெ.இ.க. 2, எண் 1". கல்வெட்டு ஆண்டறிக்கையில் மட்டும் உள்ளது என்றால் எண்ணும் ஆண்டும். கோயில் பெயரை மட்டும் போட்டால், அங்கே போகிறவர் எந்தச் சுவரில் தேடுவார்?

சுவடிக்கு நூலகமும் சுவடி எண்ணும் ஏட்டு எண்ணும்: சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமோ தஞ்சை சரசுவதி மகாலோ, எதுவானாலும். வாய்மொழிக்குத் தகவலாளியின் பெயர், வயது, ஊர், பதிவு செய்த நாள். இதைப் பின்னிணைப்பில் பட்டியலாகக் கொடுத்து, பத்தியில் தகவலாளி எண்ணை மட்டும் போடலாம். பெயர் போட அவர் சம்மதித்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதிச் சண்டை, குடும்ப வழக்கு பற்றிய பேச்சென்றால் பெயரை மறைப்பதே நல்லது.

13. 'மேலது', 'மு.நூ.' ரெண்டும் எப்ப எப்ப?

நேர் முந்திய குறிப்பில் உள்ள அதே நூல் என்றால் "மேலது". இடையில் வேறு நூல் வந்துவிட்டால் ஆசிரியர் பெயரோடு "மு.நூ.", அதாவது முற்காட்டிய நூல். அந்த ஆசிரியருக்கு இரண்டு நூல்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் "மு.நூ." எதைச் சொல்கிறது என்று தெரியாது, அங்கே நூலின் சுருக்கப் பெயரைப் போடுங்கள்.

என் யோசனை: எழுதி முடிக்கும்வரை மேலது என்ற சொல்லையே தொடாதீர்கள். நெறியாளர் கடைசி நேரத்தில் ஒரு பத்தியைச் செருகச் சொல்வார். 14க்கும் 15க்கும் நடுவில் புதுக் குறிப்பு ஒன்று நுழையும். "மேலது, ப. 162" என்று இருந்தது இப்போது 48 பக்கச் சிற்றிதழைக் காட்டிக்கொண்டு நிற்கும். எல்லாம் முடிந்து, பைண்டிங்குக்கு முந்தைய நாள் மாற்றிக்கொள்ளலாம்.

14. 'நான்' அப்படின்னு எழுதலாமா? 'ஆய்வாளர்'னு எழுதணும்னு சொல்றாங்க.

நெறியாளர் "ஆய்வாளர்" என்றால் அப்படியே எழுதுங்கள், அதற்குச் சண்டை போட வேண்டாம். ஆனால் "ஆய்வாளர் கருதுகிறார்" என்று வரும் இடத்தில் அது நீங்களா, நீங்கள் மேற்கோள் காட்டிய இன்னொரு ஆய்வாளரா என்று குழப்பம் வராமல் பாருங்கள். "இவ்வாய்வாளர்" என்றால் தப்பிக்கலாம்.

பெரும்பாலான இடங்களில் இரண்டுமே தேவைப்படாது. "நான் இந்த இயலில் ஆராய்ந்திருக்கிறேன்" என்பதை "இவ்வியல் ஆராய்கிறது" என்று முடித்துவிடலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் "படுகிறது" போட்டு எழுதுவதும் நன்றாக இல்லை. "கூறப்பட்டுள்ளதாகக் கருதப்படுகிறது" என்றால் கூறியவரும் தெரியவில்லை, கருதியவரும் தெரியவில்லை. கள ஆய்வில் நீங்களே நேரில் போய்ப் பார்த்ததைச் சொல்லும்போது "நான்" வந்தால் குற்றமில்லை என்பது என் கட்சி.

15. அறிஞர் பேருக்குப் பின்னாடி 'அவர்கள்' போடலைன்னா மரியாதைக் குறைவு இல்லையா?

நன்றியுரையில் போடுங்கள், தாராளமாக. இயல்களுக்குள் வேண்டாம். "கைலாசபதி கூறுகிறார்" என்பதில் "ஆர்" விகுதியே மரியாதைதான். முனைவர், பேராசிரியர், செந்நாப்புலவர் எதுவும் தேவையில்லை. உங்கள் நெறியாளரின் நூலைக் காட்டும்போதும் இதே முறை. அங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. முடியவில்லை என்றால் எல்லோருக்கும் சமமாக "அவர்கள்" போட்டுவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் போட்டால்தான் மற்றவர்களுக்குக் குறைவு.

16. நடை கனமா இருக்கணும்னு சொல்றாங்க. கனமான வார்த்தை நிறையப் போடணுமா?

கனம் செய்தியில் இருக்க வேண்டும். என் மேசைக்கு வந்த ஒரு வகை வாக்கியம் இது: "உலகப் பொதுமறையாம் திருக்குறளைத் தந்த வான்புகழ் வள்ளுவப் பெருந்தகை கல்வியின் மாண்பினை மிக அற்புதமாக எடுத்தியம்பியுள்ளார் என்பது ஈண்டு நோக்கத்தக்கதாகும்." பதினைந்து சொல். வள்ளுவர் கல்வியைப் பற்றி என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. "வள்ளுவர் கல்வியைக் கேடில் விழுச்செல்வம் என்கிறார் (குறள். 400)" என்றால் முடிந்தது.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களை மேசைக்கு எதிரில் ஒட்டி வைக்கலாம்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்ப்பது மற்றொன்று விரித்தல். ஒரு நாவலைப் பற்றிய ஆய்வில் நாவல் என்ற சொல்லின் பிறப்பு, உலக நாவல், இந்திய நாவல், தமிழ் நாவல் என்று எழுபது பக்கம் போனபின் எடுத்துக்கொண்ட நாவல் வரும். அதற்குள் சென்று தேய்ந்தும் இருக்கும்.

சின்ன விஷயங்கள் சில. பேச்சுச் சொல் வேண்டாம்: "நிறைய பேர்" அல்ல, "பலர்". "நோக்கத்தக்கது", "குறிப்பிடத்தக்கது", "எனலாம்" ஆகிய மூன்றையும் தேடிப் பார்த்துப் பாதியை வெட்டுங்கள். நூலாசிரியர் கருத்தை நிகழ்காலத்தில் சொன்னால் கடைசிவரை நிகழ்காலம்தான். ஒற்றுப் பிழையைக் கணினித் திருத்தி ஓரளவுக்குத்தான் பிடிக்கும். மீதி எங்கள் பிழைப்பு.

17. பெரிய அறிஞர் ஒருத்தர் சொன்னதை நான் மறுக்கலாமா?

மறுக்கலாம். இதற்கும் நன்னூலே அனுமதி தருகிறது. நூல் எழுதுவோர் கொள்ளும் எழுவகை மதம், அதாவது கொள்கை, என்று (நூற்பா 11) ஒரு பட்டியல் உண்டு: பிறரோடு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், யாரோடும் படாமல் தன் கருத்தைக் கொள்ளல். முன்னாய்வுகள் பற்றி எழுதும் பகுதிக்கு இதைவிட நல்ல சட்டகம் எனக்குத் தெரியாது. பெரும்பாலான ஆய்வேடுகளில் இந்த ஏழில் ஒன்றுதான் இருக்கிறது, உடன்படுதல். இருபது பேரைச் சொல்லி இருபது பேரோடும் உடன்பட்டிருப்பார்கள், அந்த இருபது பேரும் தங்களுக்குள் முரண்பட்டிருந்தாலும்.

மறுக்கும்போது அவர் சொன்னதை முழுதாக, அவர் சொற்களிலேயே முதலில் கொடுங்கள், பக்க எண்ணோடு. பிறகு உங்கள் ஆதாரம். "தவறு" என்பதைவிட "இச்சான்று அம்முடிவுக்கு இடம் தரவில்லை" என்பது பலமானது. ஆளை விட்டுவிட்டு ஆதாரத்தைப் பேசுகிறது.

18. மேற்கோள்லயே எழுத்துப்பிழை இருந்தா திருத்திடலாமா?

தொடாதீர்கள். பிழைக்குப் பக்கத்தில் [மூலத்தில் உள்ளபடி] என்று போடுங்கள். நடுவில் விட்டால் மூன்று புள்ளி. நீங்கள் சேர்த்த சொல் பகர அடைப்பில். "கொள்வதற்கில்லை" கதையை (8) மறக்க வேண்டாம்.

19. பிளேஜியரிசம் ரிப்போர்ட் பத்து சதவீதத்துக்குள்ள வந்தா பாஸ்தானே?

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பிளேஜியரிசத்துக்கு, அதாவது எழுத்துத் திருட்டுக்கு எதிராக 2018இல் கொண்டுவந்த விதிப்படி, 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைச் சமர்ப்பிக்க முடியாது. 60க்கு மேல் பதிவே ரத்து. சான்றோடு தந்த மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை கணக்கில் வராது. அதனால் சங்கப் பாடல் நிறைய எடுத்தாண்டு சதவீதம் ஏறிவிட்டால் பயப்பட வேண்டாம். மேற்கோள்களை விலக்கி அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள். மேற்கோள் குறி சரியாக இருந்தால்தான் மென்பொருள் விலக்கும்.

ஆனால் அந்த எண் அளப்பது சொல் ஒற்றுமையை. 3ஆம் கேள்வியில் சொன்ன சட்டை மாற்றல் அதில் சிக்காமல் போகலாம். தேர்வாளரிடம் சிக்கும், ஏனென்றால் திருடப்பட்டது பல நேரம் அவருடைய நூலாகவே இருக்கும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தால் மாட்டாது என்று ஒரு யோசனை சுற்றுகிறது. மென்பொருளுக்கு அது வெறும் ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரியும், உண்மைதான். ஆனால் ஆய்வேடு ஷோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் இணையதளம்) ஏறிய பிறகு யார் வேண்டுமானாலும் கண்ணால் படிக்கலாம், பட்டம் வாங்கிப் பல ஆண்டு கழித்தும்கூட.

20. ஏ.ஐ. கிட்ட கேட்டு துணைநூற்பட்டியல் போட்டேன். பார்த்துத் தர்றீங்களா?

ஒருவர் இப்படித்தான் கொண்டுவந்தார். பட்டியல் அவ்வளவு அழகு. காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில். ஒரு நூல் மட்டும் உறுத்தியது. ஆசிரியர் உண்மையானவர், பதிப்பகம் உண்மையானது, தலைப்பும் அவர் எழுதக்கூடியதுதான். ஆனால் அப்படி ஒரு நூலே அவர் எழுதவில்லை. அதற்குப் பக்க எண் வேறு. அதன் பிறகு பட்டியல் முழுவதையும் நூலகத்தில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தபோது பட்டியல் பாதியாகியிருந்தது.

புள்ளி, காற்புள்ளி ஒழுங்கு செய்ய அதைப் பயன்படுத்துவது உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கும் அளவுக்கு. எந்த நூல் என்பதை மட்டும் அதனிடம் விடாதீர்கள். கையில் எடுத்துப் புரட்டாத நூல் பட்டியலில் வேண்டாம். 8இல் சொன்ன வழியில் வந்ததென்றால் வந்த வழியைச் சொல்லுங்கள்.

21. நாளைக்கு பைண்டிங். இன்னிக்கு ராத்திரி ஒண்ணே ஒண்ணு பார்க்கணும்னா எதைப் பார்க்கறது?

ஒரு ஆளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வையுங்கள். அவர் ஒவ்வொரு இயலின் சான்றெண் விளக்கத்தையும் உரக்கப் படிக்கட்டும். நீங்கள் துணைநூற்பட்டியலில் அந்த நூலைக் கண்டுபிடித்துப் பென்சிலால் டிக் போடுங்கள். அவர் படித்து, உங்களிடம் இல்லாத நூல் வந்தால் சேர்க்க வேண்டும். கடைசியில் டிக் இல்லாமல் நிற்கும் நூல்கள் நீங்கள் எங்கும் பயன்படுத்தாதவை, எடுத்துவிடுங்கள். இரண்டு பேர், ஒரு பிளாஸ்க் டீ, மூன்று மணி நேரம். பக்க எண்ணில் சந்தேகம் வந்தால் பக்கத்தை மடித்து வையுங்கள். காலையில் நூலகம் திறந்ததும் போய்விட்டு, அப்புறம் கடைக்கு வாருங்கள். பைண்டரிடம் மத்தியானம்வரை பொறுக்கச் சொல்லி வைக்கிறேன்.